நாலு மணிப் புள்ளி

மேலப்பாளையம் சந்தை முக்கில்
லேப் பூட்டி எட்டு மாசம்.
மைதீன் பிச்சை ஷட்டரை இடுப்பளவு தூக்கினார்,
குனிந்து போனேன்.
ரத்தம், சர்க்கரை, சிறுநீர் என்று
விலை எழுதின போர்டு இன்னும் சுவரில்.
அதில் இல்லாததற்கு விலை கேட்டேன்.
"ஏழாயிரத்தி ஐநூறு.
பதினெட்டு வருசம் ஒரே கை ஓட்டின வண்டி."
மைக்ராஸ்கோப்பை வண்டி என்றவர்
மேலே போட்டிருந்த தலையணை உறையை
உருவினார்.

"ஆஸ்பத்திரிக்கா, பள்ளிக்கூடத்துக்கா?"
"சும்மா பாக்க."
"என்ன சோலி பாக்கேரு?"
"ஈ.பி.யில ரீடிங் எடுக்கேன்."
"அப்ப இது எதுக்கு?"
"சும்மா பாக்கத்தான்."
சும்மாவுக்கு ஏழாயிரமா என்று
அதன்பிறகு புருவம் மட்டும் கேட்டது.

நான் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன்.
நாலு, பத்து, நாற்பது, நூறு
எல்லா லென்சிலும் டார்ச் அடித்துப் பார்த்தேன்,
பூஞ்சை இல்லை.
சின்னத் திருகு வழுக்கியது, அதற்கு ஐநூறு.
பல்பு மாற்றணும், அதற்கு இருநூறு.
மரப்பெட்டிக்குச் சாவி இல்லை என்று
நான் இழுக்க, அவர் சிரிக்க,
ஆறாயிரத்தி முந்நூறில் நின்றது.

வீட்டில்
நயினார்குளத்துத் தண்ணீர் ஒரு சொட்டு.
செருப்புத் தடம் மாதிரி ஒன்று
பாசி நூலில் முட்டி, பின்வாங்கி,
வேறு பக்கம் முட்டியது.
எல்லாம் நகர்ந்தபோது
நாலு மணித் திக்கில் நகராமல் ஒரு கரும்புள்ளி.
சிலைடை மாற்றினேன், இருந்தது.
லென்சை மாற்றினேன், இருந்தது.
கண் வைக்கும் குழாயைத் திருகினேன்,
அதுவும் கூடவே திரும்பியது.
அங்கேதான், கண்ணாடிக்கு உள்ளே.
துடைக்கிற துணி போகாத இடம்.

ராத்திரி பத்தரைக்குப் போன் போட்டேன்.
"அதுவா?" என்றார். கொட்டாவி.
"இருக்கும்லா. அத வச்சித்தான வே எண்ணுவேன்.
வெள்ளையணு நூறு எண்ணணும்.
நடுவுல ஒருத்தி வந்து
ரிசல்ட் ஆச்சான்னு கேப்பா.
தலையத் தூக்கிப் பதில் சொல்லிட்டுக் குனிஞ்சா
விட்ட எடம் புள்ளிக்கு அடியில நிக்கும்.
அதுக்கு நான் தனியா ரூவா கேக்கலியே ஒம்மகிட்ட."

ரெண்டு வருசம்.
மீட்டர் பெட்டிக்குள் செத்த பல்லியின் தோல்,
மழை விட்ட மறுநாள் சுவர்ப்பாசி,
என் காது அழுக்கு,
பேட்டையில் ஒரு வீட்டு நாய் கடித்த
என் பேன்ட்டின் நூல்.
எல்லாவற்றிலும் நாலு மணி.

பிறகு ரெண்டு கண்ணாலும் பார்க்கிற மாதிரி
புதுசு ஒன்று வாங்கினேன்.
பழசைத் தூக்கிக்கொண்டு வீரவநல்லூர் போனேன்.
முப்பிடாதி, அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவள்,
தீப்பெட்டியில் அரிசி வண்டோடு காத்திருந்தாள்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
செல்போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தேன்.
வண்டின் மூக்கை வெகுநேரம் பார்த்தாள்.
"இம்புட்டு நீளத்த வச்சிக்கிட்டாடே
என் மூட்டைய ஓட்ட போட்ட" என்று
அதனிடம் கேட்டாள்.

புள்ளியைப் பற்றிச் சொல்ல நான் தொண்டையைச் செருமும்போதே
குழாயைத் திருகிவிட்டாள்.
"உள்ள ஒரு கொசு உக்காந்திருக்கு.
முந்நூறு கொறைங்க."
குறைத்தேன்.
அது எதற்கு ஆகும் என்று சொல்ல
வாய் வந்தது.
சொன்னால் அந்த முந்நூறைத்
திருப்பிக் கேட்பதுபோல் ஆகிவிடும்.
சொல்லவில்லை.

அம்பை ரோட்டு பஸ்சில்
நோட்டுகளை மடியில் வைத்து எண்ணினேன்,
நூறும் ஐம்பதுமாய், தவிட்டு வாசம்.
குலவணிகர்புரத்தில் கேட் போட்டிருந்தது.
"ஐகிரவுண்டு யாரு?" என்றார் கண்டக்டர்.
தலையைத் தூக்கி, நான்தான் என்றேன்.
குனிந்தேன்.
நாற்பத்தொன்றா, நாற்பத்திரண்டா?

நாகர்கோவில் வண்டி இன்னும் வரவில்லை.
மறுபடி ஒன்றிலிருந்து.